வெள்ளிக்கிழமை ஒரு மீன்தலை

1

இந்தக் கதை ஓர் ஆட்சேபனைக் கடிதமாகத்தான் பிறந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நடுவில் எங்காவது "கீழே கையொப்பமிட்டுள்ள நாங்கள்" என்று ஒரு வரி தலைகாட்டினால் நீங்கள் திடுக்கிடக் கூடாது.

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து வாய்க்கால் பக்கம் போகும் ஒழுங்கை ஒன்றில் 'கனால் வியூ கோர்ட்' என்று ஓர் ஆறு மாடி பிளாட் இருக்கிறது. பெயரை நம்பி வாங்கியவர்களில் நானும் ஒருவன். வாய்க்கால் தெரிவது பின்பக்கத்துக் குசினி யன்னல்களில் மட்டும். என்னைப் போன்ற முன்பக்கத்தவர்களுக்கு எதிர் பிளாட்டில் காயும் உடுப்புகள் தெரியும். அதுவும் ஒரு காட்சிதான் என்று மனதைத் தேற்றிக்கொண்டு இருக்கிறேன்.

எங்கள் பின்மதிலுக்கு அப்பால் ஒரு வளவு. அங்கே இருந்த பழைய வீட்டை இடித்து வெகுகாலம். ஓர் ஈரப்பலா மரம், ஒரு தாழம்புதர், வாய்க்கால் கரை வரைக்கும் பற்றை. அந்த வளவைச் சுற்றி ஒரு நாள் தகரம் அடித்தார்கள். தகரத்தில் ஒரு படம் தொங்கவிட்டார்கள். இருபத்திரண்டு மாடி. படத்தில் வாய்க்கால் நீல நிறத்தில் இருந்தது. அதைப் பார்த்ததும் எங்களுக்கு நம்பிக்கை போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை மொட்டைமாடியில் கூட்டம். தண்ணீர் ஏறாது, காற்று வராது, கார் விட இடமிராது, எங்கள் பிளாட்டின் விலை இறங்கும் என்று ஆளுக்கொரு கவலை. எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார் செயலாளர் யோகநாதன். ஓய்வுபெற்ற வங்கி முகாமையாளர். கடன் கேட்டு வருபவனைப் பார்க்கும் பார்வை இன்னும் முகத்தை விட்டுப் போகவில்லை.

"உதொண்டும் எடுபடாது," என்றார். "நாங்களும் ஒரு வளவை அழிச்சுக் கட்டின பிளாட்டிலதானே இருக்கிறம். உங்கட கவலை விளங்குது எண்டு சிரிச்சுக்கொண்டு சொல்லுவாங்கள். இப்ப எடுபடுறது சூழல். எங்களுக்கு ஒரு மிருகம் வேணும்."

ஒருவர் அணில் என்றார். இன்னொருவர் காகம் என்றார். காகத்துக்காக யாரும் கை தூக்கவில்லை. பிறகுதான் யாரோ, "அந்தக் கபரகொய்யா?" என்றார்கள். உடும்புச் சாதி, ஆள் நீளம், கறுப்பு உடம்பில் மஞ்சள் புள்ளி, பிளந்த நாக்கு. அதுவரை அந்தப் பிராணியின் பேரைக் கேட்டாலே யன்னலைச் சாத்துகிறவர்கள் எல்லாம் அன்று பின்னேரம் அதன் பாதுகாவலர்கள் ஆனோம்.

"எழுத்தாளர், நீர்தானே கதை எழுதுறனீர்," என்று யோகநாதன் என் பக்கம் திரும்பினார். "வாசிக்கிறவன் கண்கலங்கிற மாதிரி ஒரு லெட்டர் எழுதும்."

எழுதினேன். வாசித்துவிட்டு, "இதில கதை கூடிப்போச்சு, சட்டம் காணாது," என்று ஒரேயொரு பந்தியை எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் திருப்பித் தந்தார். அந்த மிச்சமும் பிறகு நடந்ததும் சேர்ந்ததுதான் இது.

2

தொடக்கம் சரியாக வரவில்லை. வராதவற்றை ஒளித்துவைக்க மனமில்லை. பாருங்கள்.

காலை வெயில் வாய்க்காலின்மேல் பொன்னாக உருகி… (கைவிட்டேன். அந்த வாய்க்காலில் என்னென்ன உருகுகின்றன என்று மூக்குள்ளவர்களுக்குத் தெரியும்.)

இயற்கையை வென்றுவிட்டதாக மனிதன் இறுமாந்திருக்கும் ஒவ்வொரு கணமும்… (பாடசாலைக் கட்டுரைப் போட்டிக்கு அனுப்பலாம். ஆறுதல் பரிசு நிச்சயம்.)

நான் இந்தக் கரையில் முட்டையை உடைத்து வெளியே வந்தபோது… (கபரகொய்யாவே கதை சொல்வதாக ஒரு முயற்சி. இரண்டு பக்கம் போயிற்று. நேசமலரிடம் வாசித்துக் காட்டினேன். "அது ஒண்டும் கதைக்காது தம்பி. அதுதான் எனக்கு அதில பிடிச்சதே," என்றார். நேசமலர் யோகநாதனின் மனைவி என்பதைச் சொன்னால் இந்த வசனத்தின் முழுக்கனமும் உங்களுக்கு விளங்கும்.)

கடைசியில் நின்றது இதுதான்:

நேசமலர் மீன்தலையைக் குசினி யன்னலால் எறிந்தார்.

3

பாரைத் தலை. நல்ல தலை. யாழ்ப்பாணத்து ஆட்கள் யாராவது வாசித்துக்கொண்டிருந்தால் இந்த இடத்தில் கோபித்துக்கொண்டு எழுந்து போகக்கூடும். குழம்பின் உயிரே தலையில்தான் இருக்கிறது. அதை எறிவதா? யோகநாதனும் இரண்டு வருடமாகச் சாப்பாட்டு மேசையில் இருந்துகொண்டு கேட்கிறார்:

"இஞ்சரும், உந்த மீன்காரன் தலையில்லாத மீனோ கொண்டுவாறவன்?"

"தலை வேற ஆக்களுக்குப் போகுதாம்," என்பார் நேசமலர். அதில் பொய் ஒன்றும் இல்லை.

அந்த வேறு ஆள் ஈரப்பலாவின் கீழ் காத்திருப்பார். நேசமலர் அந்தக் கபரகொய்யாவைப் 'பெரியவர்' என்றுதான் சொல்வார். முதல் தடவை நடந்தது தற்செயல். யன்னல் கட்டில் வைத்த தலையைக் காகம் இழுத்து விழுத்திவிட்டது. எட்டிப் பார்த்தால் கீழே ஒரு பெரிய வாய் அதை விழுங்கிக்கொண்டிருந்தது. நேசமலர் பயத்தில் கத்தப் போனார். அது விழுங்கி முடித்து அண்ணாந்து பார்த்தது. அவரும் இன்னும் கொஞ்சம் எட்டிப் பார்த்தார். அடுத்த நாள் தலை தற்செயலாக விழவில்லை.

[இந்த இடத்தில் எனக்கு ஒரு சந்தேகம். வாசகருக்கு நெஞ்சில் ஒட்டுகிற பிராணியாக இருந்தால் என்ன? ஒரு மீன்கொத்தி? ஓர் அணில்பிள்ளை? மூன்று மணிநேரம் மீன்கொத்தியோடு மாரடித்துப் பார்த்தேன். மீன்கொத்தி அழகாக இருந்தது. பாரைத் தலையை மட்டும் தூக்க முடியவில்லை.]

நேசமலருக்கு ஏன் அது வேண்டும் என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். வீட்டில் நாள் முழுக்கக் குரல்கள்: யோகநாதனுடையது, தொலைக்காட்சியுடையது, தொலைபேசியில் பிள்ளைகளுடையது. எல்லோரும் அவருக்கு ஏதோ சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். பிரஷருக்குக் குளிசை போட்டதா, உப்பைக் குறைத்ததா, இந்தப் படத்தைத் திறந்து பார்த்ததா. பெரியவர் வரும், தின்னும், நாக்கை ஒருதரம் நீட்டும், போகும். அந்தச் சில நிமிடம் அவருடையது. அந்தக் கரையில் தூண் இறக்கினால் இது எங்கே போகும்? பெரியவர் இருக்க வேண்டும். அவருக்கு இந்தக் கதையில் வேண்டியது அவ்வளவுதான். தண்ணீர் ஏறாவிட்டால் வாளியில் தூக்கலாம் என்பது அவர் கருத்து.

யோகநாதனிடம் இதைச் சொல்ல முடியாது. "யன்னல் வழியாக எப்பொருளும் எறியப்படலாகாது" என்ற விதியை எழுதி லிப்டுக்குள் ஒட்டியவர் யோகநாதன்தான். தமிழ், சிங்களம், இங்கிலீசு மூன்றிலும்.

4

என் கடிதத்திலிருந்து யோகநாதன் காப்பாற்றிய பந்தி இது:

"கீழே கையொப்பமிட்டுள்ள நாங்கள் அறிந்தவரை, மேற்படி வளவில் சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட ஓர் உயிரினம் மனிதத் தலையீடு எதுவுமின்றி இயற்கையாக வாழ்ந்து வருகிறது."

இதை அவர் சத்தமாக வாசித்தபோது நேசமலர் எனக்குத் தேத்தண்ணி கொண்டுவந்துகொண்டிருந்தார். "மனிதத் தலையீடு எதுவுமின்றி" என்ற இடத்தில் சோசர் கிணுங்கியது. எழுத்தாளன் என்றால் அதைக் கவனித்திருக்க வேண்டும். நான் பிஸ்கற்றைக் கவனித்தேன்.

கடிதம் வேலை செய்தது. சூழல் அலுவலகத்திலிருந்து தொலைபேசி வந்தது. ஓர் அதிகாரி வந்து பார்ப்பாராம். பிராணி அங்கே வாழ்வது உண்மையென்று கண்டால் கட்டிடத்தைக் கரையிலிருந்து தள்ளிக் கட்டச் சொல்லிச் சிபாரிசு செய்வாராம். தள்ளிக் கட்டினால் ஈரப்பலாவும் தாழையும் பற்றையும் தப்பும். பெரியவரும் தப்பும். புதன்கிழமை வரவா, வெள்ளிக்கிழமை வரவா என்று கேட்டார்கள்.

யோகநாதன் நாட்காட்டியைப் பார்த்தார். புதன் அட்டமி. "வெள்ளிக்கிழமை நல்ல நாள். ராகுகாலத்துக்கு முதல் வந்து பாத்திட்டுப் போகட்டும்," என்றார். கமிட்டி முழுக்கத் தலையாட்டியது. நானும் ஆட்டினேன்.

இந்தப் பிழையை உலகத்தில் வேறு ஆட்கள் யாரும் விட்டிருக்க மாட்டார்கள். வெள்ளிக்கிழமை எங்கள் வீடுகளில் மீன் இல்லை. முட்டைகூட இல்லை. வியாழன் பின்னேரமே மீன் சமைக்கும் மச்சச் சட்டி பல்கனிக்குப் போய்விடும்; குசினி கழுவப்படும்; குளிர்ப்பெட்டிக்குள் ஒரு செதில் மிஞ்சினாலும் யோகநாதனின் கண்ணுக்குத் தப்பாது. மீன் மணக்காத காலை எதுவென்று பெரியவருக்கு எங்களைவிட நன்றாகத் தெரியும். வெள்ளிக்கிழமைகளில் அது ஈரப்பலாப் பக்கம் தலைவைத்தும் படுக்காது. ஆக, ஒரு பிராணியைக் காட்டுவதற்கு, அது நிச்சயமாக வராத ஒரு நாளைப் பஞ்சாங்கம் பார்த்துத் தெரிவுசெய்திருந்தோம்.

இது தெரிந்த ஒரே ஆள் நேசமலர். அவரால் வாய் திறக்க முடியாது.

5

நேசமலரின் குசினிக்கு நேர் கீழே ஸமீமாவின் குசினி. ஸமீமாவின் கணவருக்குப் பம்பலப்பிட்டியில் துணிக்கடை. எங்கள் பிளாட்டில் அவர்கள் வாடகைக்கு இருக்கிறார்கள். வீட்டுக்காரர் மெல்பேர்னில் இருக்கிறார், யோகநாதன் சொல்வதை வேதவாக்காக எடுப்பவர். வியாழன் பின்னேரம் நேசமலர் ஒரு கிண்ணத்தில் வடையோடு படியிறங்கினார். வெறுங்கையோடு போய் இப்படியொன்றைக் கேட்க முடியாது.

"ஸமீமா, நாளைக்கு உங்கட வீட்டில மீனோ?"

"நாளக்கி இறச்சி அக்கா. ஏன்?"

"ஒரு மீன்தலை வேணும்."

ஸமீமா சுவரில் இருந்த கலண்டரைப் பார்த்தாள். பிறகு நேசமலரின் நெற்றியில் இருந்த திருநீற்றைப் பார்த்தாள். "வெள்ளிக்கிழமக்கா அக்கா?"

நேசமலர் கதவைச் சாத்திவிட்டு எல்லாவற்றையும் சொன்னார். காகம் விழுத்திய தலையிலிருந்து சொன்னார். ஸமீமா பாதியிலேயே சிரிக்கத் தொடங்கிவிட்டாள்.

"அக்கா, நீங்க போடுற தலையெல்லாம் எங்கட யன்னலத் தாண்டித்தானே கீழ போற! எங்கட இவர் ஒரு நாள் கேக்குறார், மேல மழையோட மீனும் பெய்யுதா எண்டு."

"அப்ப தெரியுமோ? ஏன் ஒண்டும் சொல்லேல்லை?"

"செல்லி? உங்கட அவர் லிப்டுல இன்னொரு கடதாசி ஒட்டுறதுக்கா?" ஸமீமா வடையைக் கடித்தாள். "தல நான் எடுத்து வெக்கிறேன். காலைல வந்து எறியிறது நீங்களா?"

நேசமலர் தயங்கினார். "நாளைக்கு நான் விடிய முழுகிப்போடுவன். மச்சம் தொடேலாது ஸமீமா."

"அதுக்கென்ன. நானே எறியிறேன். என்ட கைக்கு வெள்ளி செவ்வாய் ஒண்டும் இல்ல."

இருவரும் சிரித்தார்கள். நேசமலர் பாரம் இறங்கிப் படியேறினார். தன் கை சுத்தமாக இருக்க, இன்னொருத்தியின் கை மணக்கப் போகிறது என்பதில் அவருக்கு அப்போது ஒன்றும் தோன்றவில்லை. எழுதிக்கொண்டிருந்த எனக்கும் தோன்றவில்லை. நல்ல பகிடி என்றுதான் நினைத்தேன். முதல் பிரதியில் இந்த இடத்தில் ஓர் ஆச்சரியக்குறிகூடப் போட்டிருந்தேன்.

6

யோகநாதன் ஓர் ஆண் அதிகாரியை, ஒரு 'மாத்தயா'வை, எதிர்பார்த்து வரவேற்பு வசனங்களைப் பாடமாக்கியிருந்தார். வந்தது ஓர் இளம்பெண். முழங்கால் வரை றப்பர் சப்பாத்து, கழுத்தில் கமரா. யோகநாதன் 'சேர்' எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு அந்த இடங்களில் 'மிஸ்' நட வேண்டியதாயிற்று. கட்டிடக் கொம்பனியிலிருந்து உமாசுதன் வந்திருந்தான். நல்ல பிள்ளை. வில்லனாக எழுதலாம் என்று ஆசையாக இருந்தேன், வந்ததும் வராததுமாக, "அன்ரி, உங்கட முழங்கால் நோ இப்ப எப்பிடி?" என்று நேசமலரைக் கேட்டுக் கெடுத்துவிட்டான்.

மதிலோரம், வளவுப் பக்கமாக நின்றோம். அதிகாரி, உமாசுதன், யோகநாதன், நேசமலர், ஸமீமா, நான். பேச்செல்லாம் சிங்களம், உங்களுக்காகத் தமிழில் தருகிறேன். தரும்போது யோகநாதனின் சிங்களத்தில் இருந்த வங்கித் தோரணை கொஞ்சம் சிந்திவிடும். மன்னியுங்கள்.

வளவில் ஒன்றும் அசையவில்லை. கரையில் ஒரு கொக்கு நின்றது. யோகநாதன் அதைப் பெருமையோடு காட்டினார்.

"கொக்கு கொழும்பு முழுக்க இருக்கு அங்கிள்," என்றாள் அதிகாரி.

உமாசுதன் மணிக்கூட்டைப் பார்த்தான். நேசமலர் ஸமீமாவைப் பார்த்தார். "அடுப்பப் பாத்திட்டு வாறேன்," என்று ஸமீமா உள்ளே போனாள். சற்று நேரத்தில் முதலாம் மாடி யன்னலிலிருந்து ஒரு தலபத் மீனின் தலை வெளியே பறந்து தாழம்புதரின் ஓரத்தில் விழுந்தது. நாங்கள் எல்லோரும் கொக்கையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

தாழை விலகியது. முதலில் நாக்கு. பிறகு தலை, தோள், முடிவில்லாமல் வால். அதிகாரி அப்படியே சேற்றில் குந்திவிட்டாள். சிறுபிள்ளைபோல வாயைத் திறந்துகொண்டு படமாக எடுத்துத் தள்ளினாள். "எவ்வளவு பெரிசு! எவ்வளவு ஆரோக்கியம்!" என்றாள். யோகநாதன் தானே பெற்று வளர்த்ததுபோல நின்றார். நேசமலருக்குக் கண் நிறைந்தது.

அப்போது பெரியவர் அண்ணாந்தது. வாயில் குறுக்காக மீன்தலை. நீளமான அலகு இரண்டு பக்கமும் ஆட்டம் போட்டது. சந்தையில் வெட்டிய வெட்டு அப்படியே தெரிந்தது. அதிகாரி கமராவைக் கீழே இறக்கினாள்.

"மேக்கட்ட கவுத கன்ன தென்னே?"

இதற்குத் தீன் போடுவது யார்?

"நானும் அதைத்தான் சொல்ல இருந்தன் மிஸ்," என்றான் உமாசுதன் பணிவாக. "இது தீன் போட்டுப் பழக்கின பிராணி. அதனாலதான் இங்க நிக்குது. எங்கட கொம்பனி செலவில, ஒரு கீறலும் படாமல், நல்ல சதுப்பு நிலத்தில கொண்டுபோய் விடுவம்."

யோகநாதனுக்கு ரோசம் வந்துவிட்டது. "மிஸ், இண்டைக்கு வெள்ளிக்கிழமை. எங்கட வீடுகளில ஒருத்தரும் மீனைக் கையாலயும் தொட மாட்டினம்," என்றார். அவர் சொன்னது முழு உண்மை. சொல்லி முடித்த பிறகுதான், அப்படியானால் யார் தொட்டது என்ற கேள்வி எல்லோர் முகத்திலும் எழுந்தது. ஸமீமா கையை முந்தானையில் துடைத்தபடி படியிறங்கி வந்துகொண்டிருந்தாள். எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தோம்.

7

இங்கே கதை நின்றுவிட்டது. தள்ளிப் பார்த்தேன், நகரவில்லை. முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

முடிவு அ. நேசமலர் வாயைத் திறக்கவில்லை. வாடகைக்கு இருக்கும் ஒரு பெண் தீன் போடுகிறாள் என்று அதிகாரி எழுதிக்கொள்கிறாள். யோகநாதன் மெல்பேர்னுக்கு எழுதுகிறார். மாத முடிவில் ஒழுங்கையில் ஒரு லொறி நிற்கிறது, ஸமீமாவின் தையல்மெசின் கடைசியாக ஏறுகிறது. பின்வளவிலிருந்து பெரியவரும் ஒரு கூண்டில் புறப்படுகிறது. (எழுத மிக இலேசாக இருந்தது. மௌனத்துக்கு வசனம் எழுத வேண்டியதில்லை. எங்கள் ஊரில் நடக்கிற அநேகமான முடிவுகள் இப்படித்தான் எழுதப்படுகின்றன.)

முடிவு ஆ. "நான்தான் மிஸ்," என்று ஸமீமாவே முன்வருகிறாள். நேசமலரின் கண்களும் அவளுடைய கண்களும் சந்திக்கின்றன. அயல் என்றால் இதுவல்லவா… (எனக்கே மிகவும் பிடித்துவிட்டது. சூட்டோடு சூடாக ஸமீமாவிடம் கொண்டுபோய் வாசித்தேன். "அழகா ஈக்கிது," என்றாள். "ஆனா ஒண்டு கேக்குறேன். அக்கா ரெண்டு வருஷமாப் போட்ட தலையெல்லாத்தையும் ஏன் என்ட தலயில போடுறீங்க? நல்லவளா ஈக்கிறதுக்கு ஒவ்வொரு கதயிலயும் நாங்கதானா வரோணும்?" கிழித்துவிட்டேன்.)

முடிவு இ. யோகநாதன் தொண்டையைச் செருமி, "தீன் போடுறது நான்," என்கிறார். அவருக்கு எல்லாம் முன்பே தெரியும். மனைவிக்காக இரண்டு வருடம் தலையில்லாத குழம்பைத் தின்றிருக்கிறார். (நல்ல முடிவு. யோகநாதன் இதை வாசித்தார். "நான் பொய் சொல்லுவனோ? அதுவும் வெள்ளிக்கிழமையில?" என்று கேட்டார். இதையும் கிழித்தேன்.)

ஆகவே வேறு வழியில்லாமல் நடந்ததையே எழுதுகிறேன். கற்பனை வற்றிய எழுத்தாளனின் கடைசிப் புகலிடம்.

8

ஸமீமா நேசமலரைப் பார்த்தாள். கோபமாக அல்ல. கெஞ்சலாகவும் அல்ல. நீங்கள் என்ன செய்யப் போகிறீர்கள் என்று அறிந்துகொள்ளும் பார்வை. அவளுடைய வலது கை இன்னும் முந்தானைக்குள் இருந்தது.

நேசமலர் அந்தக் கையைத்தான் பார்த்தார். தான் தொட விரும்பாததை அது தொட்டது. தன்னுடைய வெள்ளிக்கிழமை சுத்தமாக இருப்பதற்காக அது மீன் மணத்தது. இது அவருக்கு அந்த நேரத்தில் உறைத்தது, வெட்கமாக இருந்தது. மறுபக்கம் பெரியவர். வாயைத் திறந்தால் உமாசுதன் சொன்னது சரியாகிவிடும். "மனிதத் தலையீடு எதுவுமின்றி" என்ற வரியின் கீழ் புருசனின் கையொப்பம் இருக்கிறது. கூண்டு வரும். இரண்டு வருடத்தில் தனக்கென்று இருந்த ஒன்றைத் தானே பிடித்துக் கொடுத்ததாகிவிடும்.

"மம தமய் மிஸ்," என்றார் நேசமலர். நான்தான். அவருடைய சிங்களம் அவ்வளவோடு முடிந்துவிட்டது. மிச்சத்தைத் தமிழில் சொன்னார். "ரெண்டு வருசமாப் போடுறன். இண்டைக்கு எறிஞ்சது அவதான். ஆனால் எறியச் சொன்னது நான். நான் தொட மாட்டன் எண்டதால அவவைத் தொட வைச்சனான். அவவை ஒருத்தரும் ஒண்டும் சொல்ல வேண்டாம்."

ஸமீமா முந்தானையிலிருந்து கையை எடுத்தாள். உமாசுதன் இதைச் சிங்களத்தில் அதிகாரிக்குச் சொன்னான். ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னான் என்பதையும் பதிந்துவிடுகிறேன்.

யோகநாதன் மனைவியின் பக்கம் திரும்பினார். "பாரைத் தலையோ?" என்றார். "அந்த அறக்குளாத் தலையுமோ?"

"ஓம் அப்பா."

தலைகள் விழுந்த மரத்தடியை யோகநாதன் ஒருதரம் பார்த்துக்கொண்டார். பிறகு அவருக்குச் சபை ஞாபகம் வந்தது. வேற்று ஆட்கள் முன்னால் தன் வீட்டின் மானம் போகிறதே என்ற பதற்றத்தில் அதிகாரியிடம் விரலை நீட்டினார்.

"மிஸ், ஒண்டு மட்டும் பிழையா எழுதிப்போடாதேங்கோ. வெள்ளிக்கிழமையில எங்கட வீட்டிலயிருந்து ஒண்டும் போயிராது. கந்தசஷ்டிக்கு ஆறு நாளும் போயிராது. கேதாரகௌரிக்கு இருபத்தொரு நாளும் போயிராது. நவராத்திரி…" விரல் போதாமல் மற்றக் கையையும் எடுத்தார்.

அதிகாரி நிமிர்ந்தாள். "ஒரு நிமிசம் அங்கிள். இருபத்தொரு நாள் ஒருத்தரும் ஒண்டும் போடேல்லையா?"

"ஒரு முள்ளும் இல்லை!"

"அந்த நாளில இது எங்க போனது?"

யோகநாதனுக்குத் தெரியாது. அவர் அந்த யன்னலால் எட்டிப் பார்த்ததே இல்லை. எல்லோரும் நேசமலரைப் பார்த்தோம்.

"ஒரு இடமும் போகாது மிஸ்," என்றார் நேசமலர். "கரையைக் கிண்டி நண்டு தின்னும். எலி பிடிக்கும். தலை போட்டால் மரத்தடிக்கு வரும். போடாட்டில் தன்ரை பாட்டில இருக்கும். அதுக்கு நான் தேவையில்லை." கடைசி வசனத்தைச் சொல்லும்போதுதான் அது உண்மையென்று அவருக்கே தெரிந்ததுபோல இருந்தது.

இதையும் சிங்களத்தில் சொல்லிவிட்டு, "எண்டாலும் தீன் போட்டிருக்கு மிஸ்," என்றான் உமாசுதன் மெதுவாக. அவனுடைய வேலை அது.

அதிகாரி பேனையை எடுத்தாள். "இனிமேல் ஒண்டும் போடாதீங்க அன்ரி," என்றாள் முதலில். பிறகு எழுதினாள். இரண்டு வரி இருக்கும். நான் கழுத்தை நீட்டிப் பார்த்தேன். சப்பாத்துத்தான் தெரிந்தது.

9

அறிக்கை இன்னும் வரவில்லை. எப்போது வரும் என்று கேட்டால், வரும்போது வரும் என்கிறார்கள். தகரத்தில் இருபத்திரண்டு மாடி இன்னும் தொங்குகிறது. நீல வாய்க்கால் வெயிலில் வெளிறி உண்மை நிறத்துக்கு வந்துகொண்டிருக்கிறது.

யோகநாதன் ஒரு கிழமை முழுக்க மனைவியோடு கதைக்கவில்லை. நேசமலர் அதை ஒரு தண்டனையாக எடுத்ததாகத் தெரியவில்லை. பிறகு ஒரு பின்னேரம் யோகநாதன் ஸமீமாவின் வீட்டுக் கதவைத் தட்டி, பழுதான லிப்டை எப்போது திருத்துவார்கள் என்ற விவரத்தை, அவள் கேட்காமலேயே, நின்று விளக்கிவிட்டு வந்தார். அவருடைய அகராதியில் அதற்குப் பெயர் மன்னிப்பு.

இப்போது மீன்தலைகள் குழம்புக்குள் போகின்றன. இரண்டு வருடத்துப் பசியோடு முதல் நாள் யோகநாதன் தலையைக் கையில் எடுத்தார். எதிரே நேசமலர் சாப்பிடாமல் யன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். கீழே பெரியவர் வந்து, அண்ணாந்து பார்த்து, கொஞ்சம் நின்று, கரைப் பக்கம் போனது. போட்டால் அது தீன் போட்டு வளர்த்த பிராணி. போடாமல் இருந்தால்தான் அது அந்த இடத்துக்குச் சொந்தம். அதற்காக நேசமலரால் செய்யக்கூடியது இனி ஒன்றும் செய்யாமல் இருப்பதுதான். அது எவ்வளவு பெரிய வேலை என்று அந்த முகத்தைப் பார்த்தால் தெரியும். யோகநாதன் தலையைச் சாப்பாட்டுக் கோப்பையின் ஓரத்தில் வைத்துவிட்டு, "உறைப்புக் கூடிப்போச்சு," என்று கையைக் கழுவினார்.

இனி உங்கள் முறை. முடிவை நான் எழுதப் போவதில்லை. அறிக்கை எழுதும் பேனை இப்போது உங்கள் கையில் இருக்கிறது. இரண்டு வரிக்குத்தான் இடம். பிராணி அங்கே வாழ்கிறது என்று எழுதலாம். தீன் போட்டதால் வந்தது என்றும் எழுதலாம். இரண்டுக்கும் சாட்சி இருக்கிறது. இரண்டையும் நீங்கள் கண்ணால் பார்த்தீர்கள். உமாசுதன் உங்கள் பக்கத்தில் பணிவாக நிற்பான். நான் முன்பக்கத்து யன்னலில் எதிர் பிளாட் உடுப்புகளைப் பார்த்துக்கொண்டிருப்பேன். உங்களுக்குத் தொந்தரவு தர மாட்டேன்.

ஒரேயொரு நிபந்தனை. எதை எழுதினாலும், இரண்டாம் மாடிக்கு ஏறிப்போய், அந்தக் குசினி யன்னலடியில் நிற்கும் நேசமலருக்கு அதை நீங்களே வாசித்துக் காட்ட வேண்டும். என்னைக் கேட்காதீர்கள். நான் மாட்டேன்.